சொத்தைச் சித்திரமாக்கிய சால்வின்ஸ்!

கல்கத்தாத் தெருக்களைச் செப்புத் தகட்டில் பதித்தவரின் கதை

குடிதண்ணீரைக் குளிர வைப்பதற்கென்றே ஒரு வேலைக்காரர்! ஹூக்காவில் தணல் அணையாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர்! பல்லக்குக்கு முன்னால் வெள்ளித் தடி பிடித்து நடக்க வேறொருவர்!

இவர்கள் எல்லாம் 1790-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவில் வாழ்ந்தவர்கள். இவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எப்படி நின்றார்கள், என்ன உடுத்தினார்கள், கையில் எதைப் பிடித்திருந்தார்கள் என்பதை இன்றும் நாம் கண்ணால் காணலாம்.

எப்படி? போட்டோ எடுத்து வைத்திருந்தார்களா?

போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்ததே 1839-ஆம் ஆண்டில்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பென்சிலும் ஊசியும் செப்புத் தகடுமாக உட்கார்ந்து, ஒரு நகரத்து மக்களை எல்லாம் படமாக்கி வைத்தார் ஒருவர்.

அவர் பெயர் பால்தசார் சால்வின்ஸ். அந்த வேலைக்காக அவர் தம் இளமையைக் கொடுத்தார். கைப்பொருளைக் கொடுத்தார். மனைவியின் சொத்தையும் கொடுத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த பலன் என்ன? அதுதான் இந்தக் கதை.

துறைமுகத்துப் பிள்ளை

ஐரோப்பாவில் பெல்ஜியம் என்ற சிறு நாடு இருக்கிறது. அங்கே ஷெல்ட் என்னும் ஆற்றின் கரையில் உள்ள பெரிய துறைமுகம் ஆண்ட்வெர்ப். அந்த ஊரில் 1760-ஆம் ஆண்டு ஒரு வியாபாரக் குடும்பத்தில் சால்வின்ஸ் பிறந்தார். பெல்ஜியம் என்ற தனி நாடு அப்போது கிடையாது. அந்தப் பகுதி ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது.

துறைமுகத்தில் பிறந்த பிள்ளைக்குக் கப்பல் மேல் ஆசை வருவது இயற்கைதானே! சால்வின்ஸ் ஆண்ட்வெர்ப் ஓவியப் பள்ளியில் படித்தார். கடலையும் கப்பலையும் துறைமுகங்களையும் வரைவதில் பெயர் எடுத்தார். ஆஸ்டெண்ட் துறைமுகத்தை அவர் வரைந்த படங்கள் பாராட்டப்பட்டன. நாட்டை ஆண்டுவந்த கோமகளின் ஆதரவும் கிடைத்தது.

நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1789-ல் பக்கத்து நாடான பிரான்சில் புரட்சி வெடித்தது. அதே ஆண்டில் சால்வின்சின் நாட்டிலும் கலகம் மூண்டது. ஆண்டவர்கள் ஓடினார்கள். ஆதரித்தவர்கள் ஓடிய பிறகு ஓவியருக்கு அங்கே என்ன வேலை?

சால்வின்ஸ் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இந்தியா போனால் பணக்காரராகத் திரும்பலாம் என்று ஐரோப்பாவில் எல்லோரும் பேசிக்கொண்ட காலம் அது. 1791-ல் அவர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31.

பல்லக்குக்கு வண்ணம்

அன்றைய கல்கத்தாதான் இன்றைய கொல்கத்தா. அப்போது அது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகரம். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பெரிய பெரிய மாளிகைகள் கட்டிக்கொண்டு நவாபுகளைப்போல் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது வேலைக்காரர்கள் இருந்தார்கள்.

அந்த மாளிகைகளின் கதவு சால்வின்சுக்கு எளிதில் திறக்கவில்லை. அவர் ஆங்கிலேயர் அல்ல. சிபாரிசுக் கடிதம் கொடுக்கப் பெரிய மனிதர்களும் இல்லை. துரைமார்கள் தங்கள் உருவத்தை வரைந்துகொள்ள வேறு பெயர் பெற்ற ஓவியர்களைத் தேடிப் போனார்கள்.

வயிறு கேட்குமா? கிடைத்த வேலையைச் செய்தார் சால்வின்ஸ். பழைய ஓவியங்களைத் துடைத்துப் புதுப்பித்தார். படம் வரையக் கற்றுக்கொடுத்தார். கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வண்ணம் தீட்டினார்.

இந்தப் பல்லக்கு வேலையில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போர் முடிந்தது. உடன்படிக்கைக்குப் பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகளைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சிறுவர்கள் சென்னையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பரிசாக அளிக்கக் காரன்வாலிஸ் பல்லக்குகள் செய்யச் சொன்னார். கல்கத்தா வண்டிக் கம்பெனி ஒன்றில் தயாரான அந்தப் பல்லக்குகளை அலங்கரித்தவர் சால்வின்ஸ்!

பரிசு கிடைத்த பிள்ளைகளும் வீட்டைப் பிரிந்தவர்கள். வண்ணம் தீட்டியவரும் வீட்டைப் பிரிந்தவர். விதியின் விளையாட்டைப் பாருங்கள்!

பிறந்தது ஒரு யோசனை

அந்தக் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி இருந்தார். பல மொழிகள் கற்ற மேதை. சமஸ்கிருதத்தைப் படித்து, அதன் பெருமையை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர். 1784-ல் ஆசியச் சங்கம் என்ற ஆராய்ச்சிச் சங்கத்தை நிறுவியவரும் அவரே.

ஜோன்ஸ் ஏடுகளில் இந்தியாவைத் தேடினார். அந்த முயற்சி சால்வின்சின் மனத்தில் ஒரு பொறியைத் தட்டியது. ஏட்டில் உள்ளதைப் படிக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். தெருவில் உள்ளதை எழுதி வைக்க யார் இருக்கிறார்கள்? குயவர் சக்கரம் சுற்றுகிறார். செக்காடுபவர் எண்ணெய் எடுக்கிறார். படகோட்டி துடுப்புப் போடுகிறார். இவர்களை யார் வரைவது?

அந்த நாளில் இந்தியாவுக்கு வந்த ஓவியர்கள் மாளிகைகளையும் கோவில்களையும் மலைகளையும் வரைந்தார்கள். ராஜாக்களையும் நவாபுகளையும் வரைந்தார்கள். படத்தில் ஏழை ஒருவர் வந்தால், மரத்தடியில் ஒரு புள்ளியாக வருவார், அவ்வளவுதான்.

சால்வின்ஸ் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் படத்தின் நடுவே நிறுத்த நினைத்தார்.

1794-ல் அவர் தம் திட்டத்தை வெளியிட்டார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள், தொழில்கள், உடைகள், விழாக்கள் இவற்றை விளக்கும் 250 வண்ணப் படங்கள். முன்பணம் கட்டிச் சேருபவர்களுக்குப் பகுதி பகுதியாக வரும். இதுதான் திட்டம்.

தகடு, மெழுகு, திராவகம்

இருநூற்றைம்பது படங்கள் என்று சொல்வது சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும் பாடு.

அந்தக் காலத்தில் ஒரு படத்தைப் பல பிரதிகள் எடுக்க வேண்டுமானால், அதைச் செப்புத் தகட்டில் பதிக்க வேண்டும். முதலில் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டும். அதன்மேல் மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பூச வேண்டும். பிறகு அதைப் புகையில் காட்டிக் கறுப்பாக்க வேண்டும்.

அடுத்து, கூரான ஊசியால் அந்தப் பூச்சின்மேல் படம் வரைய வேண்டும். ஊசி போன வழியெல்லாம் மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். அப்போது தகட்டைத் திராவகத்தில் இட வேண்டும். மெழுகு உள்ள இடத்தைத் திராவகம் தொடாது. கோடு உள்ள இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். அதிக நேரம் விட்டால் கோடு தடித்துவிடும். முன்னாலேயே எடுத்துவிட்டால் கோடு விழாது. கண்ணும் கையும் காத்திருக்க வேண்டும்!

பிறகு மெழுகை நீக்கி, தகடு முழுவதும் மசி தடவி, மேலே துடைத்துவிட வேண்டும். பள்ளத்தில் மட்டும் மசி தங்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் படம் தாளில் இறங்கும். ஒரு பிரதி ஆயிற்று! அடுத்த பிரதிக்கு மறுபடியும் மசி, மறுபடியும் துடைப்பு.

இன்னொரு தொல்லையும் உண்டு. தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கமாக விழும். தகட்டில் வலக்கையில் பிடித்த வாள், தாளில் இடக்கைக்குப் போய்விடும். ஆகையால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி வரைய வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும்.

பெரிய ஓவியர்கள் படத்தை மட்டும் வரைந்து கொடுப்பார்கள். தகட்டு வேலையை அதற்கென்று உள்ள தொழிலாளிகள் செய்வார்கள். சால்வின்சுக்கு அந்த வசதி ஏது? படம் வரைந்தவரும் அவரே. தகட்டில் பதித்தவரும் அவரே. கல்கத்தாவின் வெயிலிலும் புழுக்கத்திலும் 1799-க்குள் அவர் 250 படங்களையும் முடித்தார். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தகடு!

படத்தில் வந்த மக்கள்

புத்தகத்தின் முதல் பகுதியில் 66 படங்கள். எல்லாம் வங்காளத்தின் சாதிகளையும் தொழில்களையும் பற்றியவை. குயவர், கொல்லர், நெசவாளர், வாணியர், மீனவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, மிட்டாய் செய்பவர் என்று ஒவ்வொருவரும் தம் கருவியுடன் நிற்கிறார்கள். அந்தப் படங்களில் யாரும் கேலிப் பொருளாக இல்லை. ராஜாவை வரையும் அதே கவனத்துடன் கூலிக்காரரையும் வரைந்திருக்கிறார் சால்வின்ஸ்.

அடுத்து வேலைக்காரர்கள். துரைமார்களின் வீட்டில் தண்ணீரைக் குளிர வைப்பவருக்கு 'ஆப்தார்' என்று பெயர். அப்போது ஐஸ் பெட்டி கிடையாது. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது சில்லிட்டுப் போகும். அந்தக் குளிர்ச்சியில் குடிதண்ணீர்ப் பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர வைப்பார்கள். ஹூக்காவைக் கவனிப்பவர் 'ஹூக்காபர்தார்'. கணக்குப் பார்ப்பவர் 'சர்க்கார்'. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு படம்.

கப்பல் ஓவியர் படகை விடுவாரா? கங்கையில் ஓடிய படகுகளை அவர் வகைவகையாக வரைந்தார். துரைமார்கள் பயணம் செய்யும் பஜ்ரா, பாரம் ஏற்றும் தட்டையான படகு, மயிலின் உருவம் கொண்ட உல்லாசப் படகு என்று எத்தனையோ! அந்தப் படகுகளில் பல இப்போது ஆற்றில் இல்லை. அவற்றின் கட்டுமானத்தை அறிய விரும்புகிறவர்களுக்குச் சால்வின்சின் படங்களே துணை.

இசைக்கருவிகளுக்கு ஒரு தனிப் பகுதி. வீணை, தம்பூரா, சிதார், சாரங்கி, டோல் முதலியவற்றை வாசிப்பவருடன் சேர்த்தே வரைந்தார். கருவியை எப்படிப் பிடித்தார்கள், எப்படி உட்கார்ந்தார்கள் என்பது வரையில் தெரிகிறது. அந்தக் காலத்து இசையை ஒலிப்பதிவு செய்யக் கருவி இல்லை. ஆகவே இசை ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் படங்கள் பெரும் பொக்கிஷம்.

விழாக்களும் உண்டு. துர்க்கை பூஜை, ரத யாத்திரை இரண்டையும் வரைந்தார். முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு உயரமான கம்பத்தில் சுற்றும் 'சரக்' விழாவையும் வரைந்தார். நம் பக்கத்தில் இதைச் செடில் என்பார்கள்.

பார்த்தால் நெஞ்சு பதைக்கும் படங்களும் உண்டு. கணவனின் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறும் கொடுமையையும் அவர் வரைந்து வைத்தார். ராஜாராம் மோகன் ராய் போன்றவர்கள் போராடி, 1829-ல் பெண்டிங்க் பிரபு சட்டம் போட்டு நிறுத்திய கொடுமை அது. சட்டம் வருவதற்கு முன் நடந்ததற்குச் சால்வின்சின் படங்களும் ஒரு சாட்சி.

வாங்க ஆள் இல்லை!

இவ்வளவு உழைத்த புத்தகம் நன்றாக விற்றிருக்க வேண்டும் அல்லவா?

விற்கவில்லை!

அப்போது கல்கத்தாவில் இருந்த துரைமார்களுக்குப் பிடித்தவை வேறு வகைப் படங்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் இந்தியா முழுவதும் சுற்றினார்கள். தஞ்சாவூர், மதுரை, திருச்சி என்று நம் ஊர்களுக்கும் வந்தார்கள். அவர்கள் லண்டனுக்குத் திரும்பி வெளியிட்ட கோபுரங்களும் கோட்டைகளும் நீல வானமும் கண்ணைப் பறித்தன. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அவை ஏற்றவை.

சால்வின்சின் படங்களோ அடக்கமான வண்ணத்தில் இருந்தன. கோடுகள் முரடாகத் தெரிந்தன. அதோடு, தினமும் தம் வீட்டு வாசலில் பார்க்கும் வேலைக்காரரின் படத்தைப் பணம் கொடுத்து வாங்க எந்தத் துரைக்கு மனம் வரும்?

சால்வின்ஸ் 1803-ல் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பணக்காரராகத் திரும்பும் கனவு பலிக்கவில்லை. கையில் இருந்ததெல்லாம் படங்களும் குறிப்புகளும்தான்.

லண்டனில் ஒரு கைவரிசை

ஐரோப்பாவில் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது.

லண்டனில் எட்வர்டு ஆர்ம் என்ற பதிப்பாளர் இருந்தார். சால்வின்சின் கல்கத்தாப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து 60 படங்களைப் பொறுக்கி எடுத்தார். முரட்டுக் கோடுகளை மழுப்பினார். பளிச்சென்று வண்ணம் பூசினார். 1804-ல் 'இந்துஸ்தானத்து உடைகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார்.

அது நன்றாகப் பரவியது! அசல் முடங்கிக் கிடந்தது. நகல் நாடெங்கும் போயிற்று.

இன்று இருப்பது போன்ற பதிப்புரிமைப் பாதுகாப்பு அப்போது இல்லை. நாடுகளுக்கிடையே இதற்கென்று பெர்ன் உடன்படிக்கை ஏற்பட்டதே 1886-ல்தான். உழைத்தவர் ஒருவர், பலன் கண்டவர் இன்னொருவர்.

வேறு ஒருவராக இருந்தால், இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஊசியைத் தூக்கி எறிந்திருப்பார். சால்வின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? முன்னைவிடப் பெரிய புத்தகத்துக்குத் திட்டம் போட்டார்!

மனைவி கொடுத்த பணம்

சால்வின்ஸ் பாரிஸ் நகரத்தில் குடியேறினார். மேரி ஆன் கிரீன்வுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். அந்த அம்மையாருக்குச் சொத்து இருந்தது. கணவரின் கனவுக்காக அதைக் கொடுத்தார்.

பழைய தகடுகளை அவர் திரும்பப் பயன்படுத்தவில்லை. புதிதாக 288 தகடுகளைத் தம் கையாலேயே பதித்தார். இந்தத் தடவை மனிதர்களின் பின்னால் தெருவும் வீடும் ஆறும் மரமும் வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதப்பட்டது. 'இந்துக்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயருடன், 1808 முதல் 1812 வரை நான்கு பெரிய தொகுதிகள் வெளிவந்தன. மாளிகைகளின் நூலகங்களுக்கு ஏற்ற ஆடம்பரப் பதிப்பு!

ஆனால் காலம் பார்த்து வரவேண்டாமா? நெப்போலியனின் போர்களால் ஐரோப்பா எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நேர்ப் பகை. பாரிசில் அச்சான புத்தகம் லண்டனுக்குப் போவது எப்படி? இந்தியாவைப் பற்றிய படங்களை வாங்கக்கூடியவர்கள் அதிகம் இருந்ததோ இங்கிலாந்தில். விலையும் மிக அதிகம். போர்க் காலத்தில் படப் புத்தகத்துக்குச் செலவழிக்கப் பலருக்கு மனம் இல்லை.

இரண்டாவது தடவையும் தோல்வி. மேரி ஆன் அம்மையாரின் சொத்தும் கரைந்தது.

மறுபடியும் துறைமுகம்

1815-ல் நெப்போலியன் அடியோடு வீழ்ந்தார். ஆண்ட்வெர்ப் உள்ளிட்ட பகுதிகள் நெதர்லாந்து அரசுடன் சேர்ந்தன. முதலாம் வில்லியம் என்ற மன்னர் ஆட்சிக்கு வந்தார். சால்வின்ஸ் பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். அவருடைய தகுதியைக் கருதி, ஆண்ட்வெர்ப் துறைமுகத் தலைவர் பதவியை மன்னர் கொடுத்தார்.

கப்பல்களை வரைந்து வாழ்க்கையைத் தொடங்கியவர், வந்து போகும் கப்பல்களை மேற்பார்வை பார்த்தபடி கடைசி நாட்களைக் கழித்தார். 1824-ஆம் ஆண்டு, 64-ஆவது வயதில் காலமானார். அப்போது அவருடைய புத்தகங்களைப் பேசுவார் இல்லை.

குறையும் உண்டு

சால்வின்சின் வேலையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அவர் பார்த்தது வங்காளத்தை, அதிலும் பெரும்பாலும் கல்கத்தாவையும் சுற்றுப்புறத்தையும். ஆனால் புத்தகத்துக்கு வைத்த பெயரோ எல்லா இந்துக்களையும் குறித்தது. சாதிகளை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தியும் வைத்தார். ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு, இந்தச் சாதியார் எல்லாம் இப்படித்தான் என்று வெளிநாட்டார் எண்ணுவதற்கு இத்தகைய படங்களும் இடம் கொடுத்தன.

என்றாலும், வதந்தியை நம்பி அவர் வரையவில்லை. எதிரே நின்ற ஆளைப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அவருடைய கருத்துக்கள் பழையனவாகிப் போன பின்பும் படங்கள் நிலைத்து நிற்கின்றன.

பிறகு வந்த பெருமை

சால்வின்சை மறதியிலிருந்து மீட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹார்ட்கிரேவ். தமிழ்நாட்டுக்கு இவர் புதியவர் அல்ல. நாடார் சமூகத்தின் முன்னேற்றத்தைப் பற்றி ஆராய்ந்து 1969-ல் புத்தகம் வெளியிட்டவர் இவரே. இவர் பல ஆண்டுகள் சால்வின்சின் படங்களைத் தேடி ஆராய்ந்தார். இசைக்கருவிகளைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் தனித்தனி நூல்கள் வெளியிட்டார். 2004-ல் சால்வின்சின் வாழ்க்கையையும் படங்களையும் சேர்த்து ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்தார்.

சால்வின்ஸ் வரைந்த மூலப் படங்கள் லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் கண்காட்சிசாலையில் பத்திரமாக இருக்கின்றன. அன்று கல்கத்தாத் துரைமார்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய புத்தகத்துக்கு இன்று அரிய நூல் என்ற மதிப்பு!

கவர்னர்களின் படங்கள் எத்தனையோ சுவர்களில் தொங்குகின்றன. அவர்களுக்குத் தண்ணீரைக் குளிர வைத்துக் கொடுத்தவரின் முகத்தை வரைய ஒருவருக்குத்தான் தோன்றியது. அதற்காக அவர் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டார்.

அந்த ஆப்தார் இன்னும் நிற்கிறார், கையில் பாத்திரத்துடன்.